ஒன்பதாம் எண் கல்

வியாழக்கிழமைகளில் செல்லக்காவை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. சொந்தத்தில் நல்லது கெட்டது எதுவானாலும் அவள் வீட்டுக்காரர் மட்டும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார். "அவ எங்கே?" என்று யாராவது கேட்டால், "கல்லுக்குத் தண்ணி ஊத்தப் போயிருக்கா. என்னைக்காவது ஒருநாள் காய்க்கும்னு நம்பிக்கை" என்பார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சலில் கிடந்ததாலோ என்னவோ, எதையும் விளையாட்டாகவே சொல்லிப் பழகியவர்.

அவர் சொன்னதில் பாதி உண்மை. செல்லக்கா ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். தொழிற்பேட்டையின் கடைசிச் சந்தில், டயர்க் கடைக்கும் ஐஸ் ஃபேக்டரிக்கும் நடுவில் இருந்த இரண்டு மாடிக் கட்டடம் அது. கீழே கல் உடைக்கும் அறை. அங்கே நுழைந்தவர்கள் புருவம் வரை வெள்ளைத் தூசியோடுதான் வெளியே வருவார்கள். மேலே, எப்போதும் ஒரே சூட்டில் வைக்கப்பட்ட நீளமான அறையில், சுவரோரமாக இரும்புச் சட்டத்தில் வரிசையாகக் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உருளைகள் நிற்கும். அவற்றுக்கு அங்கே 'செல்' என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக அவற்றைப் பார்த்துக்கொண்டவள் என்பதால் அவள் செல்லக்கா ஆனாள். உண்மையான பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. எதிர்வீட்டு அம்மா ஒருமுறை கண்ணாடி உடைந்த போனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து, "கொஞ்சம் பாத்துக் குடும்மா, நீ செல்லு வேலைதானே பாக்குறே" என்றாள். செல்லக்கா சிரிக்காமல் வாங்கி, கடைத்தெருவில் கொடுத்துச் சரிசெய்து மறுநாள் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் பார்த்த வேலை இதுதான். சுரங்கம் தோண்டினால் தாது மட்டும் வருவதில்லை. ஒரு கூடை தாதுவுக்கு மூன்று நான்கு கூடை வேண்டாத கல்லும் கூடவே வரும். அதை எங்கேயாவது கொட்டித்தான் ஆகவேண்டும். கொட்டினால் மலை மாதிரி நிற்கும். சுரங்கம் மூடி, தோண்டினவர்கள் போய்ச் சேர்ந்து, அவர்கள் பேரன் பேத்திகளும் போய்ச் சேர்ந்த பிறகும் அது மழையிலும் வெயிலிலும் கிடக்கும். பூமிக்குள் காற்றுப் படாமல் கிடந்தவரை சாதுவாக இருந்த கல், வெளியே வந்த பிறகு என்ன செய்யும்? சில கல் ஒன்றும் செய்யாது. சில கல், அதில் இருக்கும் கந்தகம் காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து, தண்ணீரை அமிலமாக்கும். அந்த அமிலத் தண்ணீர் கல்லுக்குள் இருக்கும் செம்பையும் துத்தநாகத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். எது எந்த ரகம் என்று தோண்டுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.

அதற்காக, துளை போட்டு எடுத்த கல்லை உடைத்து, ஒரு செல்லுக்கு ஒரு கிலோ வீதம் போடுவார்கள். மூன்று நாள் வறண்ட காற்று. மூன்று நாள் ஈரக்காற்று. ஏழாம் நாள் அரை லிட்டர் சுத்தத் தண்ணீரை மேலிருந்து மெதுவாக ஊற்றி, கல்லெல்லாம் நனைந்து அடியில் சொட்டும் தண்ணீரைப் பிடித்துச் சோதிப்பார்கள். மறுநாளிலிருந்து திரும்பவும் வறண்ட காற்று. இப்படி வாரா வாரம், நாற்பது வாரம், அறுபது வாரம். பத்து வருஷ வெயிலையும் மழையையும் ஒரு வருஷத்துக்குள் கல்லுக்குக் காட்டிவிடுகிற வேலை. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்புகூட வேண்டியதில்லை, காற்றும் தண்ணீரும் போதும் என்பது செல்லக்காவுக்குத் தெரியும். ஒரு வாரம் தவறினாலும் கணக்கு கெட்டுவிடும். அதனால் அவள் வியாழக்கிழமை தவறியதே இல்லை. ஒருமுறை நூற்றிரண்டு டிகிரிக் காய்ச்சலோடு வந்து, ஊற்றிவிட்டு, நாற்காலியில் சரிந்தவளை வீட்டுக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். அன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கூடவே ஆஸ்பத்திரி பார்த்தார்கள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவளும் வீட்டுக்காரரும் பேச வேண்டியதை எல்லாம் பேசி முடித்து வெகுகாலம் ஆகிவிட்டது. அவளுக்கு ஒரு தம்பி உண்டு. பதினொரு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. பதினேழு வயதில் அவள் அவனுக்குத் தலை வாரி, பாடம் சொல்லிக் கொடுத்து, பல் விழுந்தபோது கூரை மேல் எறிந்து, காய்ச்சலுக்கு விழித்திருந்து வளர்த்தாள். கல்யாணம் பேச வந்தவரிடம் அவள் போட்ட ஒரே நிபந்தனை, "என் தம்பியும் என்கூட வருவான்" என்பது. "அப்ப வேன்ல முன்சீட்டு அவனுக்கு" என்று சொல்லி அவர் அதை ஒப்புக்கொண்டார்.

தம்பி படிப்பில் சுமார். ஆனால் இயந்திரம் என்றால் அவன் கை பேசும். மண் தோண்டும் பெரிய எந்திரங்களை ஓட்டக் கற்றுக்கொண்டான். அந்த வேலை எங்கே இருக்கிறதோ அங்கே போனான். துறைமுகம், அணை, கடைசியில் கடல் கடந்து வேறு நாடு. கல்யாணமாகி, மனைவியை அவள் பிறந்த ஊரிலேயே வீடு கட்டி வைத்துவிட்டு, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போவான். மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த ஊர் அது. மலையடிவாரம், கீழே ஆறு, ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவன் வீடும் கிணறும்.

ஒருமுறை அவன் வந்திருந்தபோது நடந்ததை அவன் மனைவி செல்லக்காவிடம் சொன்னாள். மகளுக்கு அப்போது நான்கு வயது. அப்பா என்றால் அவளுக்குப் போனில் தெரிகிற முகம். வீட்டுக்கு வந்து நின்ற ஆளைக் கண்டு ஒளிந்துகொண்டாள். உள்ளறைக்குப் போய் அம்மாவின் போனை எடுத்து, பழக்கப்பட்ட பொத்தானை அழுத்தினாள். கூடத்தில் இருந்தவனின் சட்டைப்பையில் மணி அடிக்க, அவன் எடுத்துக் காதில் வைத்தான். "அப்பா, நம்ம வீட்டுக்கு யாரோ ஒரு ஆள் வந்திருக்காங்க. சீக்கிரம் வாங்க" என்றது குழந்தை.

"அவர் சிரிச்சாரு அண்ணி" என்றாள் தம்பி மனைவி. "சிரிச்சிட்டு, பின்பக்கம் கிணத்தடிக்குப் போயி ரொம்ப நேரம் நின்னுட்டிருந்தாரு."

அதற்கு அடுத்த வருஷம் அந்த மலையில் செம்பு இருக்கிறது என்று ஒரு சுரங்க நிறுவனம் துளை போட வந்தது. செய்தி கேட்டதும் தம்பி வெளிநாட்டு வேலையை உதறிவிட்டு வந்து சேர்ந்தான். துளை போடும் குழுவில் வேலை கிடைத்தது. சம்பளம் பாதிதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் இருந்தான். மகளைப் பள்ளியில் கொண்டு விட்டான். கூரையில் ஒழுகிய இடத்தை அடைத்தான். சுரங்கம் வந்துவிட்டால் எந்திர ஓட்டுநர்களில் அவன் பெயர்தான் முதலில் என்று நிறுவனத்து நிலவியலாளர் சொல்லியிருந்தார்.

பூமிக்குள்ளிருந்து வந்த உருளைக் கற்களை நீளப் பெட்டிகளில் அடுக்கி, எந்தத் துளை, எவ்வளவு ஆழம் என்று மேலே எழுதுவது தம்பியின் வேலைகளில் ஒன்று. அந்தக் கற்களில் பன்னிரண்டு ரகத்தைத் தேர்ந்தெடுத்து, சோதனைக்காக அனுப்பினார்கள். நாட்டில் அந்தச் சோதனை செய்கிற இடங்களே இரண்டு மூன்றுதான். செல்லக்காவின் கூடத்துக்கு அது வந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. லாரியோடு தம்பியே வந்தான்.

பன்னிரண்டு செல்லும் ஓடத் தொடங்கி மூன்றாவது வாரம் அவன் மறுபடி வந்தபோது, செல்லக்கா அவனை மேலே அழைத்துப்போய்க் காட்டினாள். அவன் சட்டத்தின் முன்னால் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"இதுல என்னக்கா தெரியும்?"

"கல்லுக்குள்ள ரெண்டு பேர் குடித்தனம் பண்றாங்கன்னு வச்சுக்கோ. ஒருத்தர் கந்தகம், முன்கோபக்காரர். இன்னொருத்தர் சுண்ணாம்பு, சமாதானம் பண்றவங்க. அவர் கத்தக் கத்த இவங்க அடக்கிட்டே இருப்பாங்க. வெளியில பாக்குறவங்களுக்கு நல்ல குடும்பம்னு தோணும். சமாதானம் பண்றவங்க ஒருநாள் ஓஞ்சு போனாதான் விஷயம் தெருவுக்கு வரும்."

"மாமாவும் நீயும் மாதிரி."

"உங்க மாமாவுக்குக் கோபமே வராதுடா. கோபக்காரி நான்தான்."

அவன் சிரித்து, ஒன்பதாம் எண்ணைத் தட்டினான். கருஞ்சாம்பல் நிறக் கல், நடுநடுவே பித்தளைத்தூள் தெளித்தது போல மின்னியது. "இது மேல்மட்டத்துல வந்த கல். பாக்க எவ்வளவு அழகா இருக்கு. நல்லா பாத்துக்கோக்கா."

"எல்லாத்தையும் ஒண்ணாத்தான் பாத்துப்பேன்" என்றாள் அவள்.

வாரங்கள் போயின. தண்ணீரின் அமிலத்தை அளக்கிற அளவுகோலில் ஏழு நடுப்புள்ளி. அதற்குக் கீழே போகப் போக அமிலம். பன்னிரண்டு செல்லும் ஏழரையை ஒட்டியே நின்றன. நாற்பதாவது வாரத்தோடு சோதனையை முடித்து அறிக்கை கொடுப்பது என்று ஏற்பாடு. சுரங்க அனுமதிக்கான விண்ணப்பம் அந்த அறிக்கைக்காகக் காத்திருந்தது.

முப்பத்து மூன்றாவது வாரம் ஒன்பதாம் எண் ஏழு புள்ளி மூன்று. முப்பத்தைந்தில் ஏழு புள்ளி ஒன்று. முப்பத்தெட்டில் ஆறு புள்ளி ஒன்பது. சிறிய வித்தியாசம். கருவி கொஞ்சம் பிசகினாலே வரக்கூடிய வித்தியாசம். ஆனால் அந்தக் கல்லிலிருந்து கரைந்து வந்த சுண்ணாம்பு வாரா வாரம் குறைந்துகொண்டே வந்ததையும், கந்தகம் மட்டும் துளியும் குறையாததையும் செல்லக்கா தன் நோட்டில் பார்த்தாள். 

நாற்பதாவது வாரம், வியாழக்கிழமை காலை, தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருந்தபோது போன் வந்தது. தம்பி.

"அக்கா, வேலைக்கு எடுக்கப்போற லிஸ்ட் ஒட்டிட்டாங்க! முதல் பேரு நான்தான். நீ ஞாயித்துக்கிழமை மாமாவைக் கூட்டிட்டு வா. இவ நீ வந்தாத்தான் சமைப்பேங்கிறா."

"சரிடா" என்றாள். "வேலையில இருக்கேன், வச்சிரட்டா?"

ஒன்பதாம் எண் தண்ணீரை அளந்தாள். ஆறு புள்ளி ஏழு. கருவியைக் கழுவி, அளவு தெரிந்த திரவத்தில் வைத்துச் சரிபார்த்து மறுபடி அளந்தாள். ஆறு புள்ளி ஏழு. மூன்றாம் முறையும் அதுவே. மேசையில் சோதனை முடிவுப் படிவம் இருந்தது. பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது. பொய் எழுத வேண்டியதில்லை. ஆறு புள்ளி ஏழு என்று உண்மையையே எழுதிவிட்டு, ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். ஆறு வரை இறங்கினாலும் வரம்புக்குள்தான் என்பதால், அந்த அளவைப் பார்த்து யாரும் நிறுத்திக் கேட்கப் போவதில்லை. பதினொரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒன்பதாம் எண்ணின் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஆய்வகத் தலைவரின் அறைக்குப் போனாள்.

தலைவர் நல்ல மனிதர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நோட்டைப் பார்த்தார். "வரம்புக்குள்ளதானேம்மா இருக்கு?"

"வரம்புக்குள்ள இருக்கு சார். ஆனா நிக்கல. நடக்குது."

அவர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். முதல் பக்கம் வரை போனார். பிறகு, "உங்க தம்பி அங்கதானே வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

"இதை வேற யார்கிட்டயாவது மாத்திக் கொடுத்துடட்டுமா? உங்களுக்குச் சங்கடம்னா சொல்லுங்க."

"வேணாம் சார். நானே பாக்குறேன். இன்னொருத்தர் கைக்குப் போனா ஒரு வாரமாவது தவறும்."

தலைவர் நிறுவனத்துக்கு எழுதினார். அங்கிருந்த நிலவியலாளரும் மோசமானவர் இல்லை. அந்த ரகக் கல் மொத்தத்தில் கொஞ்சம்தான் என்று நம்பியிருந்ததால், "அது ஒண்ணு மட்டும் ஓடட்டும்" என்று ஒப்புக்கொண்டார். பதினொரு செல்லையும் கழற்றிக் கழுவி வைத்தார்கள். நீளமான அந்த இரும்புச் சட்டத்தில் ஒன்பதாம் எண் மட்டும் தனியாக நின்றது.

ஞாயிற்றுக்கிழமை செல்லக்கா தம்பி வீட்டுக்குப் போனாள். சாப்பிட்டாள். பெயர்ப் பட்டியலைப் போனில் படம் பிடித்து வைத்திருந்ததை அவன் காட்டினான், பெரிதாக்கிக் காட்டினான். சோதனை விவரங்களை வெளியே சொல்வதில்லை என்று அவள் வேலையில் சேர்ந்த நாளிலேயே எழுதிக் கொடுத்திருந்தாள். அதைவிட, சொல்லத்தான் என்ன இருந்தது? மறுபடி ஏறினாலும் ஏறும். அடுத்து வந்த வாரங்கள் முழுவதும் அவள் அதையே நினைத்தாள். ஒவ்வொரு வியாழனும் தண்ணீர் ஊற்றும்போது, ஏறிடு, ஏறிடு என்று வாய்க்குள் சொன்னாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் செய்யக்கூடாத காரியம் அது. சொன்னாள், அளந்தாள், வந்ததை எழுதினாள்.

நாற்பத்தொன்பதாவது வாரம் ஐந்து புள்ளி எட்டு. ஐம்பத்து மூன்றில் நான்கு புள்ளி ஆறு. ஐம்பத்தெட்டாவது வாரம் மூன்று புள்ளி மூன்று. குடுவையில் விழுந்த தண்ணீர் வெளிறிய துரு நிறத்தில் இருந்தது. செம்பு, முதல் வாரங்களில் இருந்ததைப் போல நூறு மடங்கு. செல்லக்கா அதை எழுதிவிட்டுக் கை கழுவும் தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கீழ் அறையில் கல் உடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அழுததை யாரும் கேட்டிருக்க முடியாது.

நிலவியலாளர் மறுநாளே கிளம்பி வந்தார். திரும்பிப் போய்த் துளைப் பெட்டிகளை எல்லாம் மறுபடி திறந்து பார்த்தார். கொஞ்சம் என்று நினைத்திருந்த அந்தக் கருஞ்சாம்பல் கல், தாதுவுக்கு மேலே போர்வை போர்த்தியது போல மலை முழுக்கப் படர்ந்திருந்தது. எங்கே தோண்டினாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் கொட்ட வேண்டும். காற்றும் மழையும் படாமல் அவ்வளவு கல்லையும் காலத்துக்கும் மூடி வைப்பது கட்டுப்படியாகாது என்று நிறுவனம் முடிவு செய்தது. நான்கு மாதத்தில் கொட்டகைகளைப் பிரித்து, எந்திரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஊரைக் கூட்டிக் காரணம் சொன்னபோது, ஒன்பதாம் எண் கல்லைப் பற்றிச் சொன்னார்கள். நாற்பதாவது வாரம் முடிந்திருக்க வேண்டிய சோதனை நீண்டது என்றும் சொன்னார்கள்.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தான். செல்லக்கா சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் "வாடா" என்று எழுந்தார். அவன் முகத்தைப் பார்த்ததும், டீத்தூள் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வீட்டில் டீத்தூள் இருந்தது.

"நாப்பதாவது வாரத்துல முடிய வேண்டியதை யாருக்கா நீட்டிச்சது?"

"நான்தான்டா போய்ச் சொன்னேன்."

"லிஸ்ட் வந்துச்சுன்னு போன் பண்ணேனே, அப்பவே உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

"ஞாயித்துக்கிழமை வந்து சாப்பிட்டியே. அப்பவும் ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"என்கிட்டயுமா?"

"உன்கிட்டதான் முக்கியமா."

அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். "நீ விட்டிருந்தா பின்னாடி அவங்களே கண்டுபிடிச்சிருப்பாங்கல்ல?"

"பின்னாடின்னா, எடுத்து மலையாக் கொட்டினதுக்கு அப்புறம். கொட்டினதைத் திரும்ப உள்ள வைக்க யாராலயும் முடியாதுடா. அதுக்கு நேர் கீழதான் உன் கிணறு இருக்கு. உன் பொண்ணு அந்தத் தண்ணியைத்தான் குடிக்கிறா."

"என் கிணத்தைப் பத்திக் கவலைப்பட்டே" என்றான் தம்பி. குரலை உயர்த்தவே இல்லை. "என்னைப் பத்திப் படலியேக்கா."

 சோப்புத் தண்ணீர் முழங்கை வழியே தரையில் சொட்டியது. அவன் போய்விட்டான். வீட்டுக்காரர் டீத்தூளோடு வந்தபோது அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

அடுத்த மாதம் அவன் மறுபடி வெளிநாடு போனான். இந்த முறை ஒரு கல்குவாரி. வழக்கமாகக் கிளம்பும்போது அக்கா வீட்டில் ஒருநாள் தங்கி, அங்கிருந்துதான் விமான நிலையம் போவான். அன்று நேராகப் போனான். அவனைப் பற்றிய செய்திகள் எல்லாம் அவன் மனைவி வழியாகவே வந்தன. அவளும் முன்பு போல வாய் ஓயாமல் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள்.

ஊரிலும் பேச்சு இருந்தது. அவன் மட்டுமா, நாற்பது வீட்டு ஆண்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஒருமுறை செல்லக்கா அங்கே போய் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது டீக்கடையில் ஒருவர், "இந்தம்மாதான் கல்லை ஊற வச்சு நம்ம வயித்துல அடிச்சது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். ஆறு வழக்கம் போலத் தெளிவாக ஓடியது. வராமல் போன தீங்கை எப்படிச் சுட்டிக் காட்டுவது? அவள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

ஒரு வருஷம் கழித்து ஒருநாள் மத்தியானம் அவள் போனுக்கு ஒரு படம் வந்தது. தம்பி அனுப்பியது. குவாரிக்குக் கீழே ஒரு ஓடை, தண்ணீர் காவி நிறத்தில். கரையில் இருந்த கல்லெல்லாம் அதே நிறம். ஒரு வார்த்தைகூட எழுதியிருக்கவில்லை. அது கோபமா, சமாதானமா, சும்மா பார்த்ததை அனுப்பினானா என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரரிடம் காட்டினாள். "அனுப்பியிருக்கான்ல, அதுவே பெரிசு" என்றார். அவள் நிறைய எழுதினாள், எழுதியதை எல்லாம் அழித்தாள். கடைசியில் "சாப்பிட்டியா?" என்று மட்டும் அனுப்பினாள். அவன் அதைப் பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை.

பதினெட்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, அவள் அளவுக் கருவியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் படியேறி வந்தார். வேலை நேரத்தில் அவர் அங்கே வந்ததே இல்லை. வேன் சாவி கையில் இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே செல்லக்கா, "யாரு?" என்று கேட்டாள்.

குவாரியில் படிக்கட்டு போல வெட்டிய பாறைத் தட்டுகளில் மேல்தட்டின் விளிம்பு சரிந்து, தம்பி ஓட்டிய எந்திரம் அவனோடு கீழே போயிருந்தது. அவனுக்கு முப்பத்தொன்பது வயது.

உடல் வந்துசேர ஆறு நாள் ஆனது. நடுவில் ஒரு வியாழன் வந்தது. அன்று அவள் கூடத்துக்குப் போகவில்லை. இருபத்து நான்கு வருஷத்தில் முதல் முறை. தலைவரே சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லா செல்லுக்கும் தண்ணீர் ஊற்றினார் என்று பிறகு சொன்னார்கள்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்த மூன்றாம் நாள், வீட்டில் பெண்கள் இருவரும்தான் இருந்தார்கள். மகளை யாரோ உறவுக்காரர் தங்கள் வீட்டுக்கு விளையாடக் கூட்டிப் போயிருந்தார்கள். தம்பி மனைவி செய்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், காகிதங்களில் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். இப்போது கூடத்தில் செல்லக்காவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"இங்கயே சுரங்கம் வந்திருந்தாலும், இவர் இதே மிஷினைத்தானே ஓட்டியிருப்பாரு? இதே மாதிரி இங்கயும் சரிஞ்சிருக்கலாம்தானே? எப்படியிருந்தாலும் நடந்திருக்கும், இல்லையா?"

செல்லக்காவுக்குப் புரிந்தது. இருவரும் பிடித்துக்கொண்டு கரையேறத் தம்பி மனைவி ஒரு கயிறு எறிகிறாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை நாக்கின் நுனி வரை வந்தது. அந்த மலையின் பாறை எப்படிப்பட்டது, அந்த நிறுவனம் எவ்வளவு கவனமானது, அங்கே தட்டு சரிய எவ்வளவு வாய்ப்பு என்று அவள் மனம் தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. அந்தப் பாழும் பழக்கத்தை அவளால் நிறுத்த முடியவில்லை.

"தெரியலம்மா" என்றாள். "நடந்திருக்கலாம். நடக்காமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியல."

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். "ஒரு பொய் சொல்ல உங்களுக்கு வாய் வராதா அண்ணி? இன்னைக்குக்கூடவா?"

பிறகுதான் அவள் அழுதாள். குனிந்து, முகத்தை முழங்காலில் புதைத்து, உடம்பே குலுங்க அழுதாள். செல்லக்கா எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, அழுகை ஓய்ந்து, தம்பி மனைவி தானாகவே அந்தத் தோளில் சாய்ந்தாள். மன்னித்தா, களைத்தா என்று செல்லக்கா கேட்டுக்கொள்ளவில்லை. அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மரத்துப் போயிற்று.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. செல்லக்கா இன்னும் வேலையில்தான் இருக்கிறாள், ஓய்வு பெற நாள் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அந்த ஊருக்குப் போகிறாள். வீட்டுக்காரர் வேனில் கொண்டு விடுவார், சில சமயம் பஸ். தம்பி மனைவி பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் மழைக்கு முன் கூரை வேலை முடிக்க வேண்டியதைப் பேசுகிறார்கள், மகளின் பல்வலியைப் பேசுகிறார்கள். அந்தக் கேள்வியை மட்டும் இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

போன மாதம் போனபோது மகள் வாசலுக்கு ஓடிவந்து, "அத்தை, அம்மா உங்களைச் சாயங்காலம் வரைக்கும் இருந்துட்டுப் போகச் சொன்னாங்க" என்றாள்.

"உங்கம்மாவா சொன்னா?"

"அவங்க சொல்லல. மூணு பேருக்கு அரிசி போட்டிருக்காங்க."

செல்லக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள்.